இரசாயன மேதை பிரபுல்ல சந்திர ராய்

நம் பள்ளி மலரில் ஆண்டுக்கு ஒரு சான்றோரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகின்றோம். அரசியல் தலைவர்களும் புலவர் பெருமக்களும் முன்னரே இடம்பெற்றுவிட்டனர். இம்முறை ஒரு தராசுக்காரரைப் பற்றி எழுத விழைந்தோம். அவர் பொன்னையும் பொருளையும் நிறுத்தவர் அல்லர். கண்ணால் காண இயலாத அணுக்களை எடையைக் கொண்டு எண்ணியவர். அவர்தாம் வங்கம் ஈன்ற இரசாயன மேதை பிரபுல்ல சந்திர ராய். வங்க மக்கள் அவரை ஆச்சாரியர் என்றே அன்புடன் அழைத்தனர்.

1861ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள குல்னா மாவட்டத்தின் ராருளி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அப்போது நம் பிறையும் பினாங்குத் தீவும் கல்கத்தாவில் இருந்த ஆங்கில ஆட்சித் தலைவரின் கீழ்தான் இருந்தன. 1867ஆம் ஆண்டில்தான் நம் நிலப்பகுதி இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு இலண்டனின் நேரடிப் பொறுப்புக்கு மாறியது. ஆகவே ராய் ஆறாம் வயதை எட்டும்வரை அவரும் பிறைவாழ் மக்களும் ஒரே ஆட்சிக்கு உட்பட்டவராகவே இருந்தனர் எனலாம்.

தந்தையார் ஹரிச்சந்திர ராய் நிலக்கிழார். நூல்களில் பெருவிருப்பம் உடையவர். தம் ஊரிலேயே பள்ளி நிறுவியவர். தாயார் புவனமோகினி அம்மையார். பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு 1870ஆம் ஆண்டில் குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. அங்கு ஹேர் பள்ளியில் பயின்றுவருங்கால் சிறுவன் பிரபுல்லனைக் கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் பற்றியது. பள்ளிப்படிப்பு நின்றது. ஊர் திரும்பினான். நோய் தணிந்ததேயன்றி அறவே நீங்கவில்லை. செரிமானக் குறையும் உறக்கமின்மையும் இறுதி நாள் வரை அவரைத் தொடர்ந்தன. எனினும் அந்த நோய்க்காலத்தில் தந்தையாரின் நூலகம் முழுவதும் அவருக்குத் திறந்திருந்தது. அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். அச்சுத் தொழிலாளியாகத் தொடங்கி அறிவியலாளராக உயர்ந்த பெஞ்சமின் பிராங்கிளினின் வரலாறு அவரை மிகவும் ஈர்த்தது. உடல்நலமின்றி வீட்டில் தங்கும் நம் மாணவர்களின் பெற்றோர் இதனை நினைவில் கொள்வாராக.

மீண்டும் கல்கத்தா வந்து படிப்பைத் தொடர்ந்தார். ஈசுவர சந்திர வித்தியாசாகர் நிறுவிய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் அறிவியற் பாடத்துக்கு வசதி இல்லாமையால், மாநிலக் கல்லூரிக்குச் சென்று பெட்லர் என்னும் பேராசிரியரின் இரசாயன வகுப்புகளில் அமர்ந்தார். பெட்லர் செய்துகாட்டிய சோதனைகள் அவர் மனத்தைக் கொள்ளை கொண்டன. 1882ஆம் ஆண்டில் கில்கிறைஸ்ட் உதவித்தொகைத் தேர்வில் வெற்றி பெற்று, ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். கிரம் பிரவுன் என்பார் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1887இல் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார்.

திரும்பியவருக்கு மாலையும் மேளமும் காத்திருக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வேலையே கிட்டவில்லை. நண்பர் ஜகதீச சந்திர போசின் இல்லத்தில் தங்கியிருந்தார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் துணைப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். கல்வித்துறையின் உயர்பிரிவுப் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே சென்றன. அதே தகுதியுடைய இந்தியர் மாகாணப் பிரிவில் குறைந்த ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டனர். ராய் மேலதிகாரியிடம் முறையிட்டார், பயன் விளையவில்லை. வேலையை உதறிவிட்டுச் சென்றிருந்தால் அவரைக் குறை கூறுவார் எவரும் இரார். அவரோ வகுப்பறைக்குள் புகுந்து, மேசைமீது தராசை எடுத்துவைத்தார்.

முதலில் அவர் ஆராய்ந்தது எதனை என்றால் நம் மாணவர்கள் வியப்பர்: நெய்யையும் கடுகெண்ணெயையும்! கல்கத்தாக் கடைகளில் இவ்விரண்டிலும் கலப்படம் மலிந்திருந்தது. கலப்பட நெய்யைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின் தூய நெய் எத்தகையது என்பது முதலில் தெரியவேண்டும். கடையில் வாங்கியதைத் தூயது என்று நம்பலாகாது. எனவே தம் கண்ணெதிரிலேயே பால் கறக்கச் செய்து, வெண்ணெய் எடுக்கச் செய்து, உருக்குவித்தார். கடுகையும் தம் முன்னிலையிலேயே செக்கிலிடச் செய்தார். இவ்வாறு ஏறக்குறைய மூன்றாண்டுகள் உழைத்து 1894இல் முடிவுகளை வெளியிட்டார்.

நெய்யின் தூய்மையை அறிய உதவும் வழிகளுள் ஒன்று, அதனைக் காரத்தோடு சேர்த்துச் சோப்பாக்கி, எவ்வளவு காரம் செலவாயிற்று என்று பார்ப்பதாகும். தூய நெய்க்கு ஒரு கணக்கு உண்டு. மற்றைக் கொழுப்புகளுக்கு வேறு கணக்கு உண்டு. நாவை ஏமாற்றும் நெய் இக்கணக்கின் முன் நிற்பது அரிது. நம் தோட்ட மக்களுக்கு இத்தகைய கணக்கு புதிதன்று. இரப்பர்ப் பால் மரம் வெட்டிய காலத்தில், வாளியில் கொண்டுவந்த பாலை ஸ்டோரில் எடை போட்ட கிராணி, அந்த எடையை மட்டும் ஏட்டில் எழுதவில்லை. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதில் உள்ள காய்ந்த இரப்பர் எவ்வளவு என்றும் பார்த்தார். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே இரப்பர். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். கூலிக்கணக்கில் அந்தக் காய்ந்த எடைக்கும் இடமிருந்தது. மொத்த எடை வேறு, உள்ளிருக்கும் பொருளின் எடை வேறு என்பதனை நம் தாய்மார்கள் எழுத்தறியாத நாளிலேயே அறிந்திருந்தனர். ஆனால் ஏட்டில் எழுதப்பட்ட எண்ணைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கும் வழி அவர்களுட் பலருக்கு இல்லை. கைநாட்டு வைத்துத் திரும்பினர். இரசாயனமும் கணிதமும் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சிலர் இன்றும் கேட்கின்றனர். அந்தக் கைநாட்டுகளை எண்ணிப் பார்த்தால் அவ்வாறு கேட்கத் தோன்றாது.

இனி, ராய் பெயரை உலகம் அறியச் செய்த ஆராய்ச்சிக்கு வருவோம். அதனை விளங்கிக்கொள்ள அணுவை எண்ணும் முறையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆணி விற்பவர் ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, நிறுத்தே கொடுக்கின்றார். சிறிய ஆணி ஒன்று 1 கிராம், பெரிய ஆணி ஒன்று 16 கிராம் என்று கொள்வோம். சிறிய ஆணியில் 1 கிலோவும் பெரிய ஆணியில் 16 கிலோவும் நிறுத்தால், இரு குவியலிலும் ஆணிகளின் எண்ணிக்கை ஒன்றே: 1,000. எண்ணாமலே எண்ணிவிட்டோம்! அணுக்களையும் இவ்வாறே எண்ணலாம். ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. ஆக்சிஜன் அணு அதைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு எடையுள்ளது; நைட்ரஜன் அணு 14 மடங்கு; கரி அணு 12 மடங்கு; பாதரச அணு ஏறத்தாழ 200 மடங்கு. ஆதலின் 1 கிராம் ஹைட்ரஜனிலும் 16 கிராம் ஆக்சிஜனிலும் 200 கிராம் பாதரசத்திலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமே. அந்த எண்ணிக்கைக்குத்தான் மோல் என்று பெயர். 12 பொருள்கள் சேர்ந்தால் டசன் என்கின்றோம் அல்லவா? அதுபோலவே இதுவும், ஆனால் எண் மிகப் பெரிது. 602,214,076,000,000,000,000,000 சேர்ந்தது ஒரு மோல். 2019ஆம் ஆண்டு முதல் இவ்வெண்ணே மோலின் இலக்கணமாக உலக நாடுகளால் ஏற்கப்பட்டுள்ளது. இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் பெயரால் இதனை அவகாட்ரோ எண் என்பர். வெப்பமும் அழுத்தமும் ஒத்திருப்பின், சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811ஆம் ஆண்டிலேயே கூறியவர் அவர். அவர் வாழ்நாளில் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் சிலரே.

பிறையில் சீனி ஆலை இருப்பதை அறியாதார் நம்முள் இலர். அச்சீனியையே எடுத்துக்கொள்வோம். சீனி மூலக்கூறு ஒன்றில் கரி அணு 12, ஹைட்ரஜன் அணு 22, ஆக்சிஜன் அணு 11 உள்ளன. 12ஐ 12ஆல் பெருக்க 144. 22ஐ 1ஆல் பெருக்க 22. 11ஐ 16ஆல் பெருக்க 176. கூட்டினால் 342. ஆகவே 342 கிராம் சீனியை நிறுத்தால் அதில் சரியாக ஒரு மோல் மூலக்கூறுகள் உள்ளன. தேநீரில் போடும் ஒரு தேக்கரண்டிச் சீனியை 3.42 கிராம் என்று வைத்துக்கொண்டால் அது மோலில் நூற்றில் ஒரு பங்கு. அதில் உள்ள மூலக்கூறுகள், 602க்குப் பின் 19 சுழிகள் இட்டால் வரும் தொகை. மூலக்கூறு ஒன்றுக்கு அணுக்கள் 45. பெருக்கினால் அணுக்களின் தொகை 271க்குப் பின் 21 சுழிகள் அளவாகும். மாணவர்கள் இதனைத் தாளில் எழுதிப் பார்த்தல் நன்று. நாம் சொல்வதை நம்புவதைவிடத் தாமே பெருக்கிப் பார்ப்பது சிறந்தது.

சீனியில் எத்தனை அணுக்கள் உள்ளன என்பது முன்னரே தெரிந்திருந்ததால் நம் கணக்கு எளிதாயிற்று. தெரியாத பொருள் ஒன்று கைக்கு வந்தால் என்செய்வது? கணக்கைத் திருப்பிப் போடவேண்டும். 1896இல் ராய் எதிர்கொண்ட நிலை இதுவே.

அந்நாளில் அவர் அரிய கனிமங்களை ஆராய்ந்து, தனிம அட்டவணையில் வெற்றிடமாக இருந்த இடங்களுக்கு உரிய புதுத் தனிமங்கள் இந்திய மண்ணில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். அதனிடையே, பூரம் போன்ற பாதரச மருந்துப்பொருள் ஒன்றைச் செய்யும் பொருட்டுப் பாதரச நைட்ரேட்டு என்னும் உப்பு வேண்டியிருந்தது. மிகுதியான பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றிக் குளிர்ந்த நிலையில் வைத்திருந்தார். பாத்திரத்தில் மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. எதிர்பார்த்த நைட்ரேட்டுக்கு மஞ்சள் நிறம் கிடையாது. வேறொருவராயின் ஏதோ அழுக்கு என்று கொட்டிக் கழுவியிருக்கவும் கூடும். ராய் அதனைத் தனியே எடுத்துச் சோதித்தார். அது பாதரசத்தின் நைட்ரைட்டாக இருத்தல் வேண்டும் என்று தோன்றிற்று. நைட்ரைட்டுகள் நிலையற்றவை, பாதரசத்தின் இவ்வகைச் சேர்மமும் எளிதில் சிதைவது. இரு நிலையற்ற பொருள்கள் கூடி நிலையான படிகமாக நிற்கும் என்று எவரும் எண்ணியதில்லை.

நைட்ரேட்டில் நைட்ரஜன் அணு ஒன்றுக்கு ஆக்சிஜன் அணு மூன்று; நைட்ரைட்டில் இரண்டே. ஓர் அணுவே வேறுபாடு! அதனைக் கண்ணாற் கண்டவர் இல்லை. அணு என்பது உண்மையிலேயே உண்டா என்று அறிஞர்களே ஐயுற்றிருந்த காலம் அது. மோல் என்னும் சொல்லை வழங்கிய ஜெர்மானிய அறிஞர் ஓஸ்ட்வால்டுகூட அணுவை அப்போது நம்பவில்லை என்பது வேடிக்கையான உண்மை. பிரெஞ்சு அறிஞர் பெரின் முதலியோரின் ஆராய்ச்சிக்குப் பின், ஏறத்தாழ 1909 அளவில்தான் அவர் மனம் மாறினார். 1896இல் ராயின் கையில் இருந்தவை தராசும் வாயு அளக்கும் குழாயும் பொறுமையுமே.

படிகத்தைச் சிதைத்துப் பாதரசத்தைப் பிரித்து நிறுக்கவேண்டும். நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றி அளக்கவேண்டும். இன்றைய அணு எடைகளைக் கொண்டு கணக்கிட்டால், அம்மஞ்சள் படிகம் 100 கிராமில் பாதரசம் 81.35 கிராம், நைட்ரஜன் 5.68 கிராம், எஞ்சிய 12.97 கிராம் ஆக்சிஜன். ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் வகுக்கவேண்டும். 81.35ஐ 200.6ஆல் வகுக்க 0.406 மோல். 5.68ஐ 14ஆல் வகுக்க 0.406 மோல். 12.97ஐ 16ஆல் வகுக்க 0.811 மோல். பாதரசம் ஒன்றுக்கு நைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு! அப்படிகம் நைட்ரேட்டாக இருந்திருப்பின் 100 கிராமுக்குப் பாதரசம் 76.4 கிராம் மட்டுமே கிடைத்திருக்கும். 100 கிராமுக்கு 5 கிராம் வேறுபாடு. தராசு சிறிது பிழைபட்டாலும், படிகத்தில் ஈரம் சிறிது ஒட்டியிருந்தாலும் கணக்கு மயங்கிவிடும். எனவேதான் தூய்மைப்படுத்துவதும் மீண்டும் மீண்டும் நிறுப்பதும் அவருக்கு நோன்புபோல் ஆயின.

1896இல் வங்க ஆசியக் கழகத்தின் இதழில் இக்கண்டுபிடிப்பு வெளிவந்தது. மேல்நாட்டு அறிவியல் ஏடுகளும் அதனைக் குறித்தன. இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. எடைக்கணக்கு விகிதத்தை மட்டுமே தரும். ஒரு வரிசையில் ஆளுக்கு ஒரு மிதிவண்டி உண்டு என்று தெரிந்தால், ஒரு வீட்டில் ஓர் ஆளா, இருவரா என்பது அதனால் தெரியவாராது. அதுபோலவே, மஞ்சள் படிகத்தில் பாதரச அணு தனித்து நிற்கின்றதா, இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றதா என்பது தராசுக்குத் தெரியாது.

நைட்ரைட்டு அவரை எளிதில் விடவில்லை. தொடர்ந்து பல உலோகங்களின் நைட்ரைட்டுகளைச் செய்தார். அவற்றுள் அமோனியம் நைட்ரைட்டு குறிப்பிடத்தக்கது. இரப்பர்ப் பால் உறையாமல் இருக்கக் கலக்கும் அமோனியாவின் நெடி நம் பெற்றோர் அறிந்ததே. அந்த அமோனியாவிலிருந்து வரும் உப்புகளுள் இஃது ஒன்று. சூடாக்கினால் உடனே நைட்ரஜனாகவும் நீராகவும் சிதைந்துவிடும் என்பதே அனைவரும் கொண்டிருந்த கருத்து. ராய் அதனைத் தூயதாகச் செய்து, அழுத்தத்தைக் குறைத்து மெல்லச் சூடாக்கினார். அது ஆவியாகி எழுந்து, குளிர்ந்த இடத்தில் மீண்டும் அதே உப்பாகப் படிந்தது. ஆவியின் அடர்த்தியையும் அளந்தார். அவகாட்ரோவின் விதி இங்கே கைகொடுத்தது. இவ்வுப்பின் ஒரு மோல் எடை 64 கிராம். சிதையாத ஆவி, சம பருமனுள்ள ஹைட்ரஜனைப் போல் 32 மடங்கு எடையுள்ளதாக இருக்கவேண்டும். நைட்ரஜனும் நீராவியுமாகச் சிதைந்தால், மூலக்கூறு ஒன்று மூன்றாகிவிடும். அதே எடை மும்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அடர்த்தி மூன்றில் ஒரு பங்காகக் குறையும். தாம் அளந்ததைக் கொண்டு, ஆவி பெரும்பாலும் சிதையாமலே எழுகின்றது என்று முடிவு கண்டார். 1912இல் இலண்டன் இரசாயனக் கழகத்தின் அவையில் இதனை எடுத்துரைத்தபோது, புகழ்பெற்ற அறிஞர் இராம்சே அவரை மனமாரப் பாராட்டினார்.

ஆராய்ச்சி மட்டுமே அவர் வாழ்வு அன்று. படித்த இளைஞர் வேலை தேடி அலுவலகங்களின் வாயிலில் காத்துக்கிடப்பது அவர் மனத்தை வாட்டியது. 1892இல், தம் வாடகை வீட்டிலேயே, சில நூறு ரூபாய் முதலில், மருந்துப்பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அது 1901இல் வங்க இரசாயன மருந்துத் தொழிற்சாலை என்னும் பெருநிறுவனமாயிற்று. தொடக்க நாள்களில் நடந்த ஒரு நிகழ்ச்சி மாணவர்க்கு நகைப்பூட்டும். எலும்பிலிருந்து சோடியம் பாஸ்பேட்டு செய்ய வேண்டி, மூட்டை மூட்டையாக மாட்டெலும்புகளை வாங்கி வீட்டு மாடியில் உலர்த்தினார். எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டிய தசை அழுகிற்று. காக்கைகள் எலும்புத் துண்டுகளைக் கவ்விக்கொண்டுபோய் அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. அண்டை வீட்டார் கொதித்தெழுந்தனர். எலும்பை ஊருக்கு அப்பால் கொண்டுசென்று இரவில் எரித்தால், பிணத்தை எரிக்கின்றனரோ என்று ஐயுற்றுக் காவலர் வந்துவிட்டனர்!

எரித்த எலும்பின் சாம்பல் கால்சியம் பாஸ்பேட்டே: கால்சியம் 3, பாஸ்பரஸ் 2, ஆக்சிஜன் 8. கந்தக அமிலம் சேர்த்தால் பயிருக்கு இடும் சூப்பர் பாஸ்பேட்டு உரம் கிடைக்கும். வகுப்பில் ராய் எலும்பைச் சுட்டு, சாம்பலில் ஒரு சிட்டிகையைத் தம் வாயில் இட்டுக்காட்டுவார் என்று சொல்வர். எந்த விலங்கின் எலும்பு, தொட்டால் தீட்டா என்னும் வினாக்களுக்கு அச்சாம்பலில் இடமில்லை. அங்கிருப்பவை எண்ணிக்கை மாறாத அணுக்களே. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம், இதைவிடச் சிறந்த துணைக்கருவியோடு நடந்த பாடம் ஒன்றை அறியோம். மாணவர்கள் இதனை வீட்டில் செய்து பார்க்க வேண்டா!

பாதரசத்தின்மீது அவருக்கிருந்த பற்று பழைய நூல்களிடமும் அவரை அழைத்துச் சென்றது. இரசம் என்னும் சொல்லுக்கே பாதரசம் என்றும் பொருள் உண்டன்றோ? பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோவின் ஊக்கத்தால், பண்டைய இந்தியரின் இரசாயன அறிவைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். அதன் முதற்பாகம் 1902இல் வெளிவந்தது. சுவடிகளைத் தேடிப் படிப்பதிலும் அவர் தராசுப் புத்தியே வேலை செய்தது.

1916இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியற் கல்லூரியில் பேராசிரியரானார். 1919இல் ஆங்கில அரசு சர் பட்டம் வழங்கியது. 1920இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். 1924இல் இந்திய இரசாயனக் கழகத்தை நிறுவி அதன் முதல் தலைவரானார். 1921இல் 60 வயது நிறைந்ததும், அதன்பின் வரும் தம் சம்பளத்தைப் பல்கலைக்கழக இரசாயனத் துறையின் வளர்ச்சிக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். 1936 வரை, தம் 75ஆம் வயது வரை பணியாற்றினார். 1922இல் வட வங்கத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, மக்களின் துயர்துடைக்க நிதி திரட்டினார். அவர் கல்லூரியே அன்று துணியும் அரிசியும் குவிந்த பண்டகசாலையாயிற்று.

திருமணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். கதராடை, சிறிதளவு உணவு, ஒரு கட்டில், சில நூல்கள். ஏழை மாணவர் சிலர் அவரோடு தங்கி, அவர் செலவிலேயே பயின்றனர். அவரிடம் கற்றவர்களுள் நீல்ரத்தன் தர், ஞான சந்திர கோஷ் ஆகியோர் இரசாயனத்தில் புகழ் எய்தினர். விண்மீன்களின் வெப்பத்தைக் கணக்கிட வழிகண்ட மேகநாத் சாஹாவும், இயற்பியலில் பெரும்புகழ் பெற்ற சத்தியேந்திரநாத் போசும் அவர் வகுப்பில் அமர்ந்தவர்களே. சாஹாவின் தந்தையார் சிற்றூரில் சிறுகடை வைத்திருந்தவர். மகனைப் படிப்பிப்பதா, கடையில் அமர்த்துவதா என்னும் நிலையில் இருந்த குடும்பம் அது. நம் தோட்டத்துப் பெற்றோர் பலர் அறிந்த நிலையே.

1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், தாம் வாழ்ந்த அந்த அறையிலேயே ராய் இயற்கை எய்தினார். 2011இல், அவர் பிறந்து 150 ஆண்டு நிறைந்தபோது, இங்கிலாந்தின் அரச இரசாயனக் கழகம் இரசாயன வரலாற்றுச் சின்னம் என்னும் சிறப்பை அவருக்கு அளித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அச்சிறப்பு சென்றது அதுவே முதன்முறை.

மஞ்சள் படிகத்தைப் பற்றிய ஒரு செய்தி மட்டும் எஞ்சியுள்ளது. அவர் மறைந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1980களில், ஆராய்ச்சியாளர் அப்படிகத்தினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கைக் கண்டறிந்தனர். பாதரசம் ஒன்றுக்கு நைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு என்று தராசு சொன்ன கணக்கு அப்படியே இருந்தது. தராசுக்குத் தெரியாமல் போன விடையும் கிடைத்தது. பாதரச அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்தே நின்றன.